துப்பட்டா போட்டால் தெரியாதாம்

ட்ரையல் ரூம் வாசலில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்க வந்திருக்கும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு கே.கே. நகருக்கு பஸ் ஏறியிருப்பேன். எழுதச் சொல்லிவிட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில், பெண்களுக்கான ரெடிமேட் மாடியில் இருபத்தெட்டு வருடம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். எங்களுக்கென்று ஒரு ஸ்டூல் வந்ததே கடைசி இரண்டு மூன்று வருடத்தில்தான். வாடிக்கையாளர் குர்த்தியைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்த்து, குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சீட்டும் குர்த்தியும் பின்பக்கப் படி வழியாக ஆல்டரேஷன் பிரிவுக்கு இறங்கிப் போகும். அங்கே மெஷினில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் பெண்கள் மாடிக்கு வரக் கூடாது. வாடிக்கையாளர் அங்கே இறங்கக் கூடாது. ஆக, உடம்பைப் பார்க்கிறவள் தைக்க மாட்டாள், தைக்கிறவர் உடம்பைப் பார்க்க மாட்டார். இந்த ஏற்பாட்டில் துணி எப்படிப் பொருந்தும் என்று இருபத்தெட்டு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாயில் குண்டூசி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. நாலைந்து ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். ஊசி இருந்தால் பேச முடியாது. என் வேலை இத்தனை வருடம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குள்ளமான பெண், மார்பு பெரியது. இது ஊரில் எங்கும் காணாத உடம்பு இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில் பத்து நிமிடம் நின்றால் பத்துப் பேரைப் பார்க்கலாம். ஆனால் ரெடிமேட் சைஸ் போட்ட மகானுபாவர் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. மார்பு இரண்டு அங்குலம் கூடினால் தோளும் அகலமாகிவிடும், கையும் நீண்டுவிடும், ஆளும் உயர்ந்துவிடுவார் என்று அவர் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டார். எம் சைஸ் எடுத்தால் தோள் கச்சிதமாக உட்காரும், மார்புக்குக் கீழே இறங்காது. எக்ஸ்எல் எடுத்தால் மார்பு அடங்கும், தோள் பாதிக் கையில் தொங்கும், இடுப்பில் இருக்க வேண்டிய ஸ்லிட் தொடையில் ஆரம்பிக்கும். அந்தப் பெண் ட்ரையல் ரூமை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் உடம்பு ஒரு மாதிரிக்கா" என்பார். கோளாறு துணியில். மன்னிப்புக் கேட்பது அவர். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

அவருக்கு நாங்கள் என்ன சொல்லுவோம்? டார்க் கலர் எடுங்க. க்ளோஸ் நெக் எடுங்க. லூசாப் போடுங்க. மூன்றும் பொய். தொளதொளவென்று போட்டால் துணி மார்பின் நுனியிலிருந்து நேராகக் கீழே விழுந்து, இடுப்பே இல்லாமல் ஆக்கிவிடும். கழுத்து வரை மூடினால் மேலிருந்து கீழ் வரை ஒரே பரப்பாகத் தெரியும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வெளியே வரிசை நிற்கிறது. அதனால் கடைசியாக ஒரு வாக்கியம் வைத்திருப்போம். எல்லாக் கடையிலும் எல்லாப் பெண்களும் சொல்லும் வாக்கியம் அது. "துப்பட்டா போட்டா தெரியாது மேடம்."

யோசித்துப் பாருங்கள். தெருமுனைத் தையல்காரர்கூட பிளவுஸ் துணியை உள்ளே மடித்துத் தைத்து நாலு டாட் பிடிக்கிற ஊர் இது. மார்புக்குத் துணி எப்படி வளைய வேண்டும் என்று இந்த ஊரில் தெரியாத மாஸ்டரே இல்லை. அதே ஊரில் குர்த்திக்கு ஒரு டாட் கிடையாது. காகிதம் வெட்டுகிற மாதிரி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வெட்டி இரண்டையும் சேர்த்துத் தைத்து அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் மேலே துப்பட்டா வரப்போகிறதே என்கிறார்கள். தைக்கிறவர்கள் சோம்பலை மறைக்கத்தான் இத்தனை பெண்கள் தோளில் இரண்டரை மீட்டர் துணியைச் சுமக்கிறார்கள்.

ஒரு முறை மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். முதன்முதலாகச் சுடிதார் எடுக்க வந்தவர். அளவுக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய பிளவுஸ் கொண்டுவந்திருந்தார். நான் நாடாவை எடுத்ததும் பின்னால் நகர்ந்துவிட்டார். "அளவெல்லாம் வேண்டாம்மா, இதை வச்சுண்டு பாத்துக்கோ. இருபது வருஷமா இதுதான் அளவு" என்றார். அதை வைத்துத் தைத்த பிளவுஸைத்தான் போட்டிருந்தார்; அக்குளில் பிடிக்கும், தோளில் நழுவும், சொல்லும்போதே அவர் கை தோளைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தது. ஒரு தையல்காரர் என்றைக்கோ செய்த தப்பு, அளவு பிளவுஸ் என்ற பேரில் கை மாறி மாறி இருபது வருடம் நடந்திருக்கிறது. உடம்பை யாரும் அளக்கவே இல்லை. அன்றைக்கு அந்த மாமியைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான் என்று எனக்கு உறைக்கச் சில வருடம் ஆயிற்று. உறைக்கவைத்தவர் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர்.

ரேவதி என்று பெயர். அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுப்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உயரம் ஐந்தடிக்குக் குறைவு. மேலே நான் எழுதினேனே, அந்த உடம்பு. முதல் தடவை அவர் வந்தது ஆடித் தள்ளுபடியில். எனக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை நின்றது. எக்ஸ்எல்லில் நாலு குர்த்தி எடுத்திருந்தார். நாலையும் போட்டுக்காட்ட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை, ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடி, கையைக் குறை, நீளத்தைக் குறை. நாலுக்கும் ஒரே கோடு, ஒரே சீட்டு, கையெழுத்து. அவர் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, கையத் தூக்கினா முன்னாடி இழுக்குது. போர்டுல எழுதணும் நான்."

நான் ஊசியை உதட்டிலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன சொன்னேன் தெரியுமா? "துப்பட்டா போட்டா தெரியாது மேடம்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது தடவை அவர் வந்தது பொங்கல் முடிந்த வாரம். கடை திறந்து கால் மணி நேரம் இருக்கும், மாடியில் கூட்டமே இல்லை. பையிலிருந்து ஆடியில் எடுத்த ஒரு குர்த்தியையும் ஒரு மஞ்சள் துப்பட்டாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். துப்பட்டாவின் ஒரு முனை கருகிச் சுருண்டு, பிளாஸ்டிக் மாதிரி கட்டியாகிப் போயிருந்தது. என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சீக்கிரம் பத்திக்காத துணில துப்பட்டா ஏதாவது இருக்காக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னேன். மெதுவாகச் சொன்னார். லேபில் பர்னர் எரியும். தொங்குகிற துணி எதுவும் கூடாது, தலைமுடியைக் கூடக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி போட்டவரே அவர்தான். அதனால் அவரும் லேபில் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுவார். மேல் ஷெல்ஃபிலிருந்து பாட்டில் எடுக்கக் கையைத் தூக்குவார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய குர்த்தி முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

"யாரோ ஒரு பேரண்ட் வந்து சொன்னாங்களாம். என்ன சொன்னாங்கன்னு பிரின்சிபால் மேடம் முழுசா சொல்லல. பாத்து டிரெஸ் பண்ணுங்க, பெரிய பசங்க இருக்கற கிளாஸ்னாங்க. லேப்லயும் துப்பட்டா போடுங்கன்னாங்க. போட்டேன். போன வாரம் டெமோ காட்டறப்ப நுனி பர்னர்ல பட்டிருச்சு. ஒரு பொண்ணு தண்ணி ஊத்தி அணைச்சா. எனக்கு ஒண்ணும் ஆகலக்கா."

"லேபுக்குன்னு கோட் போட மாட்டீங்களா?"

"கோட் பசங்களுக்குத்தான் குடுப்பாங்க. நானா ஒண்ணு வாங்கிப் பாத்தேன். பட்டன் போட்டா நடுவுல பிளக்குது. பெரிசா எடுத்தா கை விரலத் தாண்டித் தொங்குது, அதுவும் நெருப்புல படும்."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"சேஃப்டி இல்லையாம். லேப வேற சார் கிட்ட குடுக்கறாங்களாம். எனக்கு ஏழாங்கிளாஸ் சயின்ஸ். யாருக்கு எந்த கிளாஸ்னு திங்கக்கிழமை புது லிஸ்ட் வரும். அதுக்குள்ள ஒரு நல்ல துப்பட்டா கெடச்சா, பேசிப் பாக்கலாம்னு."

துப்பட்டா போடச் சொன்னது அவர்கள். அது பற்றிக்கொண்டதும் பாதுகாப்பு இல்லை என்று லேபைப் பிடுங்கிக்கொண்டதும் அவர்கள். இவரோ பற்றாத துணி தேடிக்கொண்டு தி. நகருக்கு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தின் மேல் மட்டும் இல்லை. அந்தக் குர்த்தியின் உள்பக்கத் தையலில் எங்கள் கடை ஆல்டரேஷன் நூல் பளிச்சென்று தெரிந்தது.

"துப்பட்டா இல்லங்க டீச்சர். அது வேணாம். உள்ள போய் அதே குர்த்தியப் போட்டுட்டு துப்பட்டா இல்லாம வாங்க" என்றேன்.

வந்தார். கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தார். கையை இறக்கச் சொன்னேன். போர்டில் எழுதுகிற மாதிரி தூக்கச் சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரைத் துப்பட்டா இல்லாமல், கையைத் தூக்கச் சொல்லி, நின்று பார்த்தேன். கை தூக்கியதும் குர்த்தி முழுவதும் மேலே ஏறி, மார்பில் குறுக்கே வரி வரியாக இழுத்தது. தோள் தையல் கையின் நடுவில் கிடந்தது. பக்கத்தில் நான் பிடிக்கச் சொன்ன பிடிப்பால்தான் அந்த இழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. பிரச்சினை தோளில் இருக்க, நான் இடுப்பில் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

ஆல்டரேஷன் பிரிவின் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். சைடு, கை நீளம், உடம்பு நீளம், இந்த மூன்று மட்டும். தோளைத் தொடக் கூடாது. தோளைத் தொட்டால் கையைப் பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும், நேரமாகும், துணி கெட்டால் கடைக்கு நஷ்டம். சீட்டில் "தோள்" என்று எழுதி அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் சீட்டு எழுதவில்லை. டீச்சரிடம் கேட்டேன்.

"கீழ பாஷா பாய்னு மாஸ்டர் இருக்கார். நல்ல மனுஷன். அவர் ஒரு தடவ நேர்ல பாத்தா சரியா வரும். உங்களுக்குச் சம்மதமா?"

சரி என்றார். நான் படியிறங்கிப் போனேன்.

பாய் ராயப்பேட்டைக்காரர், எனக்கு முன்பே கடையில் சேர்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்.

"இன்னாமா நீ. லேடீஸ் மாடிக்கு நான் வர்றதா? சூப்பர்வைசர் பாத்தா ரெண்டு பேருக்கும் வேல போவும். ஊசி குத்தி அனுப்பு, தச்சித் தர்றேன்."

"ஊசி குத்தி அனுப்பித்தான் பாய் அந்தப் பொண்ணுக்கு லேப் வேலை போகப் போகுது" என்று கருகிய துப்பட்டாவைக் காட்டினேன்.

அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பாலியெஸ்டர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மேலே வந்த பாய் டீச்சரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சலாம்மா. கையத் தூக்குமா" என்றார். தூக்கினார். "எறக்கு." இறக்கினார். "திரும்பு." துணியை மட்டும் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். நான் அவர் சொன்ன இடத்தில் ஊசி குத்தினேன். அவர் விரலால் காட்டுவார், தொட மாட்டார்.

"தோள்ள கீது கோளாறு. இத ஒரு இன்ச்சு மேல தூக்கணும். தூக்கினா ஆம்ஹோலு, அதான் கை சேர்ற எடம், ஏறிக்கும். அப்பறம் இங்க சைடுலேந்து ஒரு டாட்டு. பிளவுசுக்குப் புடிக்கிற மாதிரியே. இடுப்ப இன்னும் மேல கொண்டாரணும், ஆளு குட்டை பாரு." ஊசி குத்திய இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத்தினி வருசமா சைடு புடிச்சிகினு கெடந்தேன். யாருக்குப் புடிக்கிறேன்னு ஒருநாளும் பாத்ததில்ல."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதலாளி வீட்டுக்கு உறவு. கெட்டவர் இல்லை, ஆனால் பட்டியலை மீறினால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

"என்னம்மா இது? பாயை எதுக்கு மேல கூட்டிட்டு வந்தீய? லேடீஸ் ஃப்ளோர்னு தெரியாதா உங்களுக்கு?"

என் உதட்டில் ஐந்து ஊசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நாடாவில் குத்தி வைத்தேன். அந்த நேரத்துக்குள் என் கோபம் ஒரு நிதானத்துக்கு வந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், மேலதிகாரியிடம் கத்துவதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், இந்தம்மா சம்மதத்தோடதான் கூப்பிட்டேன். இது நம்ம கடைக் குர்த்தி, நம்ம ஆல்டரேஷன், சீட்டுல என் கையெழுத்து. சரியா வரல."

"சரியா வரலன்னா ஒரு துப்பட்டா குடுத்து அனுப்புங்க. அதுக்கு ஏன் இவ்வளவு?"

மஞ்சள் துப்பட்டாவை விரித்துக் கருகிய முனையை அவர் கையில் கொடுத்தேன். "துப்பட்டா போடச் சொல்லித்தான் அனுப்பினோம் சார்" என்றேன்.

அவர் அதைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து நின்று பதிலுக்குப் பார்த்தார். சூப்பர்வைசர் துப்பட்டாவை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "கூட்டம் வாரதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பழையதை ஏற்கெனவே பிடித்துக் குறைத்துவிட்டதால் டாட்டுக்குத் துணி இல்லை, நான் புதிதாக ஒரு குர்த்தி எடுத்துவந்தேன். கெட்டியான பருத்தி, நீலம், கழுத்து அளவாக ஒரு வி. அதே எக்ஸ்எல்தான். டீச்சர் தயங்கினார்.

"வி நெக்கா? எனக்கு க்ளோஸ் நெக்தான் நல்லதுன்னு எல்லாரும்..."

"எல்லாரும்னா நாங்கதான் டீச்சர். நாங்க சொன்னதக் கேட்டுத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கு. இத ஒரு தடவ போட்டுப் பாருங்க."

பாய் அதைப் பிரித்து, தோளை ஏற்றி, டாட் பிடித்து, கையைத் திரும்ப ஏற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவர் மேஜையில் மற்ற சீட்டுகள் குவிந்தன. ஒரு சீட்டையும் அவர் தொடவில்லை. இரண்டு தடவை நான் மேலும் கீழும் நடந்தேன். மூட்டு வலி எனக்கு அப்போதே உண்டு.

டீச்சர் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு நேராக நின்றார். அப்புறம், நான் சொல்லாமலே பக்கவாட்டில் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு இடுப்பு இருக்குக்கா" என்றார்.

சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. அந்தக் குர்த்தி அவரை உயரமாக்கவில்லை, ஒல்லியாக்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. மார்பு மார்பாக இருந்தது, இடுப்பு அதற்கு உரிய இடத்தில் இருந்தது, தோள் தோளில் இருந்தது. மொத்தத்தில் ஒரு லட்சணமான பெண் கண்ணாடியில் நின்றார். கையைத் தூக்கினார். துணி அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். பிறகு பாட்டில் எடுப்பது போல, போர்டு துடைப்பது போல, ட்ரையல் ரூம் வாசலில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இந்தச் சாதாரண விஷயம் ஒரு படித்த பெண்ணுக்கு இத்தனை வருடம் கிடைக்கவில்லை.

இங்கே கதையை முடித்தால் நீங்கள் எனக்குக் கை தட்டுவீர்கள். ஆனால் நடந்தது வேறு. அடுத்த திங்கட்கிழமை என்னை நைட்டி பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நைட்டிக்கு ஆல்டரேஷனே கிடையாது. அளவும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சைஸ். என் நாடாவைச் சுருட்டி டப்பாவில் போட்டேன். பாய்க்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் காரணமும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் என் பக்கம் வந்தால் மட்டும் போன் பேசிக்கொண்டே போய்விடுவார்.

இரண்டு வாரம் கழித்து ரேவதி டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். அதே நீலக் குர்த்தி போட்டிருந்தார். துப்பட்டா இல்லை. அந்தத் திங்கட்கிழமை லிஸ்டில் லேபுக்கு அவர் பெயர் இருந்ததா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். இல்லை. அதே நீலக் குர்த்தியோடு பிரின்சிபால் அறைக்குப் போயிருக்கிறார். இப்போது டிரெஸ் சரியாக இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது, ஆனால் லிஸ்ட் போட்டாயிற்று என்றாராம் அந்த அம்மா.

"நான் சரின்னேன்க்கா. பசங்க ஏன்னு கேப்பாங்க, நீங்களே கிளாசுக்கு வந்து காரணத்த சொல்லிடுங்க மேடம்னேன். சேஃப்டின்னு சொல்லிக்கலாம்னாங்க. துப்பட்டா இல்லாம நிக்கறேனே மேடம், இனிமே என்ன பத்திக்கும்னு கேட்டேன். அப்ப வேற காரணம்தான், அத சொல்லுங்கன்னேன். போய் கிளாஸ் எடுங்கன்னாங்க. மத்தியானம் லிஸ்ட மாத்தி ஒட்டிட்டாங்க, லேப் திரும்ப எனக்கேன்னு."

ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் முழுக்கப் பேசிய காரணம் அது. நாற்பது பிள்ளைகள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"இவ்ளோ பேச உங்களுக்கு எப்படி வந்துச்சு டீச்சர்?" என்று கேட்டேன்.

"எப்பவும் பிரின்சிபால் ரூம்ல நிக்கறப்ப துணிய இழுத்து விட்டுக்கிட்டே நிப்பேன். பாதி மனசு அதுலதான் இருக்கும். அன்னிக்கு அந்த நெனப்பே வரல. முழு மனசா நின்னேன், பேச்சு வந்துடுச்சு."

புதிதாக வந்திருப்பவர்களே, நீங்கள் அவசரத்தில் போடும் ஒரு கையெழுத்து ஒரு பெண்ணின் பாதி மனதைத் தின்றுகொண்டிருக்கும். அழகு, ஸ்டைல் என்பதெல்லாம் பிறகு. ஆளை நிறுத்தி, மேலே போர்த்தியதை எடுக்கச் சொல்லி, அவர் வேலையை அவர் செய்கிற மாதிரி செய்யச் சொல்லிப் பாருங்கள். வரிசை நிற்கட்டும். சூப்பர்வைசர் முறைக்கட்டும். என்னை நைட்டிக்கு மாற்றினார்கள், நான் செத்துப்போகவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். குர்த்தியின் முன்பக்கம், வயிற்றுக்கு நேராக, பழுப்பு நிறத்தில் நாலைந்து கறை. பர்மாங்கனேட்டாம். பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் செய்து காட்டும்போது தெறித்ததாம். புதுத் துணி ஆயிற்றே, எலுமிச்சை போட்டுப் பார்க்கலாம், கொடுங்கள் என்றேன். அவர் குனிந்து கறையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்க்கா. இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. பிராக்டிகல் எக்ஸாம் ஆரம்பிக்குது" என்றார்.

டப்பாவைத் திறந்து நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்காமல் நைட்டி பிரிவை விட்டு வெளியே வந்து, பின்பக்கப் படியின் மேலிருந்து பாயைக் கூப்பிட்டேன்.